குமரி மாவட்டத்துக்கு விமானப்படை லோடு: திட்டமிடவும் அட்டவணை போடவும் புதிதாக வருவோருக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. புயல், வெள்ளம் என்று விமானப்படையின் உதவி தேவைப்பட்டால் பெரிய விமானம் இறங்கப்போவது திருவனந்தபுரத்தில். அங்கிருந்து நாகர்கோவிலுக்குச் சாலை வழியே ஏறத்தாழ 70 கி.மீ. ஆக, இங்கே போடுகிற எந்த விமானத் திட்டமும் பாதி லாரித் திட்டம்தான். புதிதாக வருகிறவர்கள் "எத்தனை விமானம் கிடைக்கும்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். விமானம் பெரும்பாலும் கிடைத்துவிடும். இறக்க ஆளும், நிறுத்த இடமும், ஏற்றிப்போக லாரியும்தான் தட்டுப்பாடாகும்.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் புதிதாக உட்காரும் வருவாய்த் துறையினர், அவர்களோடு நிற்கும் தன்னார்வலர்கள், முன்னாள் படைவீரர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியது இது. படையில் சேர்ந்து போக்குவரத்துப் பிரிவுக்குப் போகும் இளைஞர்களுக்கும் கணக்கு முறை இதேதான்.

வானத்தில் போக வேண்டிய சரக்கா?

கோரிக்கைகளில் பாதி இந்தக் கேள்வியிலேயே அடிபட்டுப்போக வேண்டும். சாலை திறந்திருந்தால் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு லாரி இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும். மதுரையிலிருந்து என்றாலும் ஐந்து மணி நேரம் போதும். அரிசியையும் துணிமணியையும் விமானத்தில் ஏற்றினால் எரிபொருள் வீண் என்பது ஒருபக்கம், உண்மையான அவசரச் சரக்கின் இடத்தை அவை பிடித்துக்கொள்வது இன்னொரு பக்கம்.

குடிநீரை எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 பேருக்கு ஆளுக்கு 3 லிட்டர் என்றால் நாளைக்கு 30,000 லிட்டர், எடையில் 30 டன். விமானப்படையின் ஏஎன்-32 சரக்கு விமானம் அதிகபட்சம் தூக்குவது 6.7 டன். பாட்டில் தண்ணீராக அனுப்பினால் ஒரே ஒரு நாளுக்கு ஐந்து நடை பறக்க வேண்டும். அதே 30,000 லிட்டரை உள்ளூர்க் கிணற்றிலும் தொட்டியிலும் எடுத்து, 20 லிட்டருக்கு ஒன்று என்ற அளவில் குளோரின் மாத்திரை போட்டால் 1,500 மாத்திரை ஆகும். ஒரு ஆள் கையில் தூக்கி வந்துவிடலாம். கலங்கலான தண்ணீரை முதலில் வடிகட்டித் தெளியவைக்க வேண்டும் என்பது மட்டும் கூடுதல் வேலை. குமரியில் குளத்துக்கும் கிணற்றுக்கும் பஞ்சமில்லை, புயலுக்குப் பின் பம்பை ஓட்டக் கரண்டுதான் இருக்காது. அப்படியானால் கேட்க வேண்டியது மாத்திரை, ஜெனரேட்டர், பம்பு.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது கடலில் மீனவர்களைத் தேட வேண்டியிருந்தது. கரையில் ரப்பரும் தென்னையும் வாழையும் மின்கம்பங்களும் சாய்ந்து கிடந்தன. அப்படிப்பட்ட நாளில் விமானத்துக்குத் தகுதியானவை தேசியப் பேரிடர் மீட்புப் படைக் குழு, மரம் அறுக்கும் மோட்டார் ரம்பம், சாட்டிலைட் போன், மருந்து, ரத்தம் போன்றவை. மின்கம்பம் எவ்வளவு அவசரமானாலும் ரயிலிலோ லாரியிலோதான் வர வேண்டும்.

கோரிக்கையில் என்ன எழுத வேண்டும்

கோரிக்கை ஆட்சியரிடமிருந்து சென்னையில் மாநில நிவாரண ஆணையராக இருக்கும் வருவாய் நிர்வாக ஆணையருக்குப் போகும். அங்கிருந்து மத்திய அரசு வழியாகப் படைத் தலைமையகத்தை எட்டும். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் அருகிலுள்ள படைப்பிரிவை ஆட்சியர் நேரடியாகவும் அணுகலாம், தாள் வேலை பின்னால் நடக்கும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. விமானப்படையின் தெற்கு விமானக் கட்டளையகம் 1984 முதல் திருவனந்தபுரத்தில்தான் இருக்கிறது. பக்கத்தில் இருக்கிறதே என்று அங்கே போன் போட்டுத் தனியாக விமானம் கேட்க முயலாதீர்கள். ஒரே சரக்குக்கு இரண்டு கோரிக்கை பதிவாகி, இரண்டும் தாமதமாகும்.

விமானத்தின் பெயரை எழுதிக் கேட்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. "ஒரு சி-17 அனுப்பவும்" என்ற வரியை வைத்துக்கொண்டு திட்டமிடும் அதிகாரியால் எதுவும் செய்ய முடியாது. அவருக்கு வேண்டியது தேவை: மொத்த எடை, மொத்தக் கன அளவு, மிகப் பெரிய உருப்படியின் நீளம் அகலம் உயரம், மிகக் கனமான உருப்படியின் எடை, ஆள் எண்ணிக்கை, ஆபத்துப் பொருள் உண்டா, எங்கிருந்து எங்கே, எப்போது ஏற்றத் தயார், எந்த நேரத்துக்குள் வந்தே ஆக வேண்டும், இரு முனையிலும் பொறுப்பாளரின் பெயரும் கைபேசி எண்ணும். "நிவாரணப் பொருட்கள் சுமார் 200 பெட்டி" என்று எழுதினால், பெட்டி என்றால் என்ன என்று கேட்டு ஒரு போன் வரும். அந்த ஒரு போனுக்கே பல மணி நேரம் போய்விடும், ஏனென்றால் புயல் நாளில் உங்கள் எண் கிடைக்காது. பொறுப்பாளர் எண் இரண்டு கொடுங்கள், வேறு வேறு நிறுவனத்தின் சிம்மாக இருக்கட்டும்.

"வந்தே ஆக வேண்டிய நேரம்" என்ற கட்டத்தில் "உடனடி" என்று போடாதீர்கள். எல்லாரும் உடனடி என்றுதான் போடுகிறார்கள், அதனால் அந்தச் சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை. தேதியும் மணியும் எழுதி, தாமதமானால் என்ன ஆகும் என்று ஒரு வரி சேர்த்தால் வரிசையில் மேலே போகும்.

எந்த விமானம் எவ்வளவு தூக்கும்

விமானத்தைத் தேர்ந்தெடுப்பது நம் வேலை இல்லை. ஆனாலும் அளவுகள் தெரிந்திருந்தால் பெட்டி கட்டும்போதே பிரச்சினை குறையும்.

தமிழ்நாட்டுக்குள் கோயம்புத்தூரை அடுத்த சூலூர் விமானப்படைத் தளத்தில் ஏஎன்-32 உண்டு. எடை 6.7 டன் வரை அல்லது 50 பேர் வரை. சரக்கறையின் உயரம் சுமார் 1.8 மீட்டர்தான், அதைவிட உயரமான ஜெனரேட்டர் பெட்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் திரும்பி வர வேண்டியதுதான். இந்த விமானத்தில் ஒரு நல்ல வசதி, பின்பக்கச் சாய்தளத்தை அடிவயிற்றுக்குக் கீழே நகர்த்திவிடலாம். லாரியைப் பின்னால் கொண்டுவந்து தளத்தோடு தளம் ஒட்டிச் சரக்கை நேராக மாற்றலாம். உள்ளே மேல்கூரையில் 3 டன் தூக்கும் கருவியும் உண்டு. ஃபோர்க்லிஃப்ட் இல்லாத இடத்துக்கு ஏற்ற விமானம்.

சி-295 ஏறத்தாழ 9 டன், 70 பேர். நம் விமானப்படையில் உள்ள நீள உடல் சி-130ஜே ஏறத்தாழ 20 டன் தூக்கும், 8 பாலெட் (சரக்கை அடுக்கிக் கட்டும் தட்டு) அல்லது 128 பேர் வரை இடம் உண்டு. சி-17 எடுத்தால் 70 டன்னுக்கு மேல், 18 பாலெட். எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர் உள்ளே 4 டன் அல்லது 36 பேர்.

இவை எல்லாம் உச்ச எண்கள். தூரம், எரிபொருள், வெப்பம், ஓடுபாதை நீளம் ஆகியவற்றைப் பொறுத்து அன்றைக்கு அனுமதிக்கப்படும் எடை குறையும். திட்டம் போடும்போது உச்ச எண்ணில் முக்கால் பங்குக்கும் குறைவாக வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. சி-130ஜேக்கு 20 டன் என்று போடாமல் 12 டன் என்று போடுங்கள். பலவகைச் சரக்கைக் கலந்து ஏற்றும்போது நடைமுறையில் வருவது அதுதான்.

எடையும் இருக்கையும் தனித்தனிக் கணக்கு என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுவார்கள். அரக்கோணத்தில் உள்ள தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆவது பட்டாலியனிலிருந்து மூன்று குழுக்கள் வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றுவது அங்கேயே உள்ள ஐஎன்எஸ் ராஜாளி கடற்படைத் தளத்தில். குழுவுக்கு 45 பேர், கருவிகள் 3 டன் என்று வையுங்கள். ஏஎன்-32இல் 50 இருக்கை, ஆகவே மூன்று குழுவுக்கு மூன்று விமானம் என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள்: பையோடு ஒரு ஆளுக்கு 110 கிலோ, 45 பேருக்கு 4,950 கிலோ. கருவியோடு சேர்த்து 7,950 கிலோ. உச்ச எடையே 6,700 என்கிறபோது இது ஏறாது. ஆட்களோடு 1,750 கிலோ கருவிதான் போகும். குழுவுக்கு 1,250 கிலோ வீதம் மிச்சம் 3,750 கிலோ, அதற்கு நான்காவது நடை வேண்டும். அந்த நான்காவது நடையில் எதை விடுவது என்பதில்தான் திட்டமிடுபவரின் மூளை வேலை செய்ய வேண்டும். ரப்பர் படகு முதல் விமானத்திலும் அதன் இன்ஜின் கடைசி விமானத்திலும் வந்தால், குழு ஆறு மணி நேரம் கரையில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு விமானத்தில் வருவதும் தனியாக வேலை தொடங்கக் கூடிய ஒரு தொகுப்பாக இருக்க வேண்டும்.

தரைக் கணக்கு

அட்டவணை போடுவதில் முக்கியமான பகுதி இது. ஒரு விமான நிலையம் ஒரு நாளில் எவ்வளவு சரக்கை விழுங்கும் என்பதற்குப் படைகளில் பயன்படும் சூத்திரம் எளிது. ஒரே நேரத்தில் நிறுத்தி இறக்கக் கூடிய விமான எண்ணிக்கை, சராசரிச் சுமை, வேலை நேரம் மூன்றையும் பெருக்கி, ஒரு விமானம் தரையில் நிற்கும் நேரத்தால் வகுத்து, கடைசியில் 0.85ஆல் பெருக்க வேண்டும். அந்த 0.85 எதற்கு என்றால், விமானங்கள் சொன்ன நேரத்துக்கு வரிசையாக வராது. இரண்டு சேர்ந்து வரும், பிறகு ஒரு மணி நேரம் ஒன்றும் வராது.

திருவனந்தபுரத்தில் ஓடுபாதை ஏறத்தாழ 3,400 மீட்டர், எந்த விமானமும் இறங்கும். பயணிகள் விமானங்களுக்கு நடுவே நமக்குச் சி-130ஜே அளவில் இரண்டு இடம் ஒதுக்குகிறார்கள் என்று கொள்வோம். 12 டன் சுமை, 12 மணி நேர வேலை, தரையில் ஒன்றரை மணி நேரம். 2 × 12 × 12 ÷ 1.5 = 192. இதை 0.85ஆல் பெருக்கினால் 163 டன். பார்க்க நன்றாக இருக்கிறது.

இப்போது லாரிக்கு வாருங்கள். 9 டன் லாரியில் 163 டன்னுக்கு 19 நடை. புயலுக்குப் பின் பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை என்று வரும் சாலையில் 70 கி.மீ.க்கு நான்கு மணி நேரம் வையுங்கள். ஏற்ற ஒரு மணி, போக நான்கு, இறக்க இரண்டு, திரும்ப நான்கு, ஆக 11 மணி நேரம். ஒரு லாரிக்கு நாளைக்கு ஒரு நடைதான். கையில் 8 லாரி இருந்தால் நாளைக்கு 72 டன்தான் நாகர்கோவில் சேரும். அதற்கு ஆறு விமானம் போதும். பதினான்கு விமானம் வரவழைத்தால் மீதிச் சரக்கு தளத்தில் மழையில் நனையும், அடுத்த விமானத்துக்கு இடமும் இருக்காது, மேலே விமானம் வட்டமடிக்கும். சங்கிலியில் எது மெலிந்ததோ அதன் எண்ணை மட்டும் சென்னைக்குச் சொல்லுங்கள். விமானத்தைக் கூட்ட வேண்டுமென்றால் முதலில் லாரியைக் கூட்டுங்கள், அல்லது திருவனந்தபுரம் வடக்கு (முன்பு கொச்சுவேளி), நாகர்கோவில் ரயில் பாதை திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இறங்குவது கேரள மண்ணில் என்பதையும் மறக்கக் கூடாது. திருவனந்தபுரம் மாவட்ட நிர்வாகத்துக்குத் தகவல், விமான நிலையத்துக்குள் நுழையும் லாரி எண்கள், ஓட்டுநர்களின் அடையாள அட்டை, சுமை இறக்கும் ஆட்கள் என்று எல்லாவற்றையும் முந்தின நாளே பேசி முடிக்க வேண்டும். நம் மாவட்டத்திலிருந்து கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ள ஒருவர் அங்கேயே தங்கியிருக்க வேண்டும். லாரி எண் பட்டியலில் ஒரு எழுத்து தப்பினாலும் வாசலில் வண்டி நிற்கும்.

மாற்று வழியாகத் தூத்துக்குடி வாகைக்குளம் உண்டு. முன்பு 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதையை இப்போது 3 கி.மீ.க்கு மேல் நீட்டியிருக்கிறார்கள். நாகர்கோவிலுக்கு நூறு கி.மீ.க்குச் சற்று மேல். ஆனால் 2023 டிசம்பர் மழையை நினைவில் வையுங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சுமார் 800 பயணிகள் சிக்கினார்கள், ஹெலிகாப்டரில்தான் உணவு போட வேண்டியிருந்தது. வடகிழக்குப் பருவமழையில் தாமிரபரணி பெருகினால் தூத்துக்குடியில் இறங்கிய சரக்கு அங்கேயே நிற்கும். விமானம் திருப்பிவிடப்பட்டால் கொச்சிக்கோ மதுரைக்கோ போகும். அங்கே யாரைக் கூப்பிடுவது என்ற எண்ணாவது கட்டுப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும்.

நேரத்தைப் பின்னாலிருந்து போடுங்கள்

"எப்போது கிளம்பலாம்?" என்று ஆரம்பித்தால் அட்டவணை நிற்காது. குளச்சலில் காலை 6 மணிக்கு மருந்து கையில் இருக்க வேண்டும் என்று தொடங்கி, பின்னோக்கி வாருங்கள். லாரி திருவனந்தபுரத்திலிருந்து நள்ளிரவு 1 மணிக்குக் கிளம்பியாக வேண்டும். லாரியில் ஏற்றி முடிக்க ஒரு மணி, விமானத்திலிருந்து இறக்க ஒன்றரை, ஆக விமானம் இரவு 10.30க்குள் தரையில் நிற்க வேண்டும். சூலூரிலிருந்து பறப்பது நேர்கோட்டில் 280 கி.மீ., ஏறி இறங்குவதோடு ஒரு மணி நேரம் வையுங்கள். கிளம்புவது 9.30. ஏற்றிக் கட்டி முடிப்பது 8.30. ஏற்றத் தொடங்குவது 6.30. அதற்கு முன் எடை பார்த்தல், தளத்தாரும் நாமும் சேர்ந்து சரிபார்த்தல் இரண்டரை மணி நேரம். சரக்கு மாலை 4 மணிக்குத் தளத்து வாசலில் நிற்க வேண்டும். "மாலைக்குள் வந்துவிடும்" என்று கோயம்புத்தூர்க் கிடங்கு சொன்னால், எத்தனை மணிக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

அட்டவணையில் மணி எழுதும்போது இந்திய நேரமா உலகப் பொது நேரமா என்று ஒவ்வொரு தாளிலும் குறிக்கவும். பறத்தல் திட்டத்தில் உலகப் பொது நேரம்தான் இருக்கும், ஐந்தரை மணி நேர வித்தியாசம். 0300 என்று பார்த்துவிட்டு விடியற்காலை மூன்று மணிக்கு லாரிகளை வரிசையில் நிறுத்துவார்கள், விமானம் வருவது எட்டரைக்கு. ஓட்டுநர்கள் அதற்குள் சலித்துப்போய், பாதிப் பேர் டீ குடிக்கக் கிளம்பியிருப்பார்கள்.

விமானிகளின் பணி நேரத்துக்கும் உச்சவரம்பு உண்டு. ஏற்றுவதில் இரண்டு மணி நேரம் தாமதமானால் கடைசி நடை தானாக ரத்தாகும். அதனால் முக்கியச் சரக்கை அன்றைய கடைசி நடைக்கு வைக்காதீர்கள்.

எடை, பாலெட், சமநிலை

சி-130ஜே, சி-17 இரண்டிலும் பயன்படுவது 463எல் என்ற அலுமினியப் பாலெட். 108 அங்குலம் நீளம், 88 அங்குலம் அகலம். ஓரத்தில் வலை மாட்டும் வளையங்கள் போக 104 × 84 அங்குலத்தில்தான் அடுக்கலாம். உயரம் 96 அங்குலத்துக்குள். எடை உச்சம் 10,000 பவுண்டு, ஏறத்தாழ 4.5 டன். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வலை, மேலே ஒன்று.

அரிசி மூட்டையை அடுக்கினால் ஒரு மீட்டர் உயரத்திலேயே எடை நிரம்பிவிடும், மேலே காலியாகத் தெரிகிறதே என்று இன்னும் ஏற்றக் கூடாது. பிஸ்கட் பெட்டி, பாய், பிளாஸ்டிக் குடம் போன்றவற்றில் இதற்கு நேர்மாறாக, எடை வருமுன் இடம் தீர்ந்துவிடும். இரண்டையும் கலந்து, கனமானதைக் கீழேயும் நடுவிலும், இலேசானதை மேலேயும் வைத்தால் பாலெட் வீணாகாது. காலிப் பாலெட்டை நேராகத் தரையில் போடாதீர்கள். அடியில் மூன்று மரச்சட்டம் கொடுத்துத்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடித்தகடு வளைந்து விமானத்தின் உருளைகளில் ஓடாது, ஃபோர்க்லிஃப்டின் கரமும் நுழையாது.

எடையைப் பெட்டிமேல் அச்சிட்டதிலிருந்து எடுக்கக் கூடாது. அங்கே இருப்பது நிகர எடை, அட்டையும் மரச்சட்டமும் சேராது. மழையில் நின்ற மூட்டை ஊறி எடை கூடியிருக்கும். லாரியோடு எடைமேடையில் ஏற்றி, சரக்கை இறக்கியபின் வெறும் லாரியை மறுபடி எடைபோட்டுக் கழிப்பதே நம்பகமான வழி. டீசல் டாங்க் இரண்டு முறையும் ஒரே அளவில் இருக்கட்டும்.

ஜெனரேட்டர் டிரெய்லர் மாதிரி சக்கரமுள்ள உருப்படிக்கு எடையோடு சமநிலைப் புள்ளியும் தெரிய வேண்டும். முன்முனையிலிருந்து அளந்து, ஒவ்வொரு தாங்குமிடத்தின் எடையையும் தூரத்தையும் பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுக்க வேண்டும். இணைப்புக் கொக்கி 20 செ.மீ.யில் 300 கிலோ, அச்சு 260 செ.மீ.யில் 1,500 கிலோ என்றால் 6,000 + 3,90,000 = 3,96,000. இதை 1,800ஆல் வகுத்தால் 220 செ.மீ. அந்த இடத்தில் இரு பக்கமும் டேப் ஒட்டி, எடையையும் பெரிதாக எழுதிவிடுங்கள். விமானத்தில் சரக்குக்குப் பொறுப்பான லோடுமாஸ்டர் அதைப் பார்த்துத்தான் விமானத்துக்குள் எந்த இடத்தில் நிறுத்துவது என்று முடிவெடுப்பார். அவர் கணக்கு நம் டேப்பை நம்பி நிற்கிறது. தப்பான எடை எழுதினால் விமானம் மேலெழும்போது மூக்கு தூக்கும் அல்லது தாழும்.

கட்டும் முறையை அவரிடம் விட்டுவிடலாம். ஏன் அவ்வளவு சங்கிலி என்று கேட்பவர்களுக்காக: முன்னோக்கிய இழுப்புக்குச் சரக்கின் எடையைப் போல் மூன்று மடங்கு தாங்கும்படி கட்டுவது வழக்கம், பின்னோக்கியும் பக்கவாட்டிலும் ஒன்றரை மடங்கு, மேல்நோக்கி இரண்டு மடங்கு. 1,800 கிலோ ஜெனரேட்டர் முன்பக்கம் 5,400 கிலோ இழுவைக்குத் தயாராக இருக்க வேண்டும்.

ஏற்றும் வரிசை: முதலில் வெளியே வர வேண்டியது கடைசியில் உள்ளே போகும். எல்லாருக்கும் தெரிந்ததுதான், இருந்தும் அவசரத்தில் முதலில் வந்த லாரியை முதலில் ஏற்றிவிடுவார்கள்.

ஏற விடாத பொருட்கள்

வெள்ள நிவாரணத்தில் பிளீச்சிங் பவுடர் கட்டாயம் வரும். அது ஆக்சிஜனை வெளிவிடும் வகை, எண்ணெய், பெட்ரோல், டீசல் பட்டால் தானாகத் தீப்பிடிக்கும். ஜெனரேட்டரையும் பிளீச்சிங் மூட்டையையும் பக்கத்தில் வைத்து அனுப்புவது நம் ஊர்க் கிடங்குகளில் சாதாரணம். விமானத்தில் அது நடக்காது. படகு இன்ஜினின் பெட்ரோல் டாங்க், மோட்டார் ரம்பம், ஆக்சிஜன் சிலிண்டர், சமையல் எரிவாயு, சாட்டிலைட் போனின் லித்தியம் பேட்டரிகள், கிருமிநாசினி ஸ்பிரிட் எல்லாம் தனிப் பட்டியலில் வர வேண்டும். படை விமானத்தில் சிறப்பு அனுமதியோடு இவற்றில் பலவற்றை ஏற்றலாம், ஆனால் முன்பே தெரிந்திருக்க வேண்டும். எழுதாமல் கொண்டுவந்து சரிபார்ப்பில் மாட்டினால் முழுப் பாலெட்டையும் பிரிப்பார்கள். பேட்டரி முனைகளுக்கு டேப் ஒட்டுங்கள், ரம்பத்தின் டாங்கைக் காலிசெய்யுங்கள், ஜெனரேட்டரில் எவ்வளவு டீசல் விடலாம் என்று தளத்திடம் கேட்டு அதை மட்டும் விடுங்கள்.

ஆட்கள்

பெயர்ப் பட்டியல் இல்லாமல் யாரும் ஏற முடியாது. பெயர், வயது, அடையாள அட்டை எண், எடை, அவசரத் தொடர்பு எண் ஆகியவற்றோடு நான்கு பிரதி. திரும்பும் விமானத்தில் நோயாளிகளோ குடும்பங்களோ வருவதாக இருந்தால், அட்டைகள் வெள்ளத்தில் போயிருக்கும் என்பதை முன்கூட்டியே யோசியுங்கள். வருவாய் அலுவலர் கையெழுத்திட்ட பட்டியல் இருந்தால் ஏறுமிடத்தில் வாக்குவாதம் குறையும். கடைசி நேரத்தில் பட்டியலில் ஒருவரைச் சேர்ப்பதும் எடுப்பதும் எடைக் கணக்கையே மாற்றும் என்பதால், கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன் பட்டியலை மூடிவிடுங்கள். வி.ஐ.பி. வந்து நிற்பார். அவரை ஏற்றுவதா என்பது தளத்தார் முடிவு, நீங்கள் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ஹெலிகாப்டர் வரும்போது

சாலை அறுபட்ட ஊருக்கு எம்ஐ-17தான் வரும். அதன் சுழலியின் விட்டமே 21 மீட்டருக்கு மேல். 50 × 50 மீட்டர் தடையில்லாத சமதளம் வேண்டும், வந்து இறங்கும் திசையில் மரமோ கம்பியோ இருக்கக் கூடாது. குமரியில் மைதானம் கிடைக்கும், தென்னையில்லாத ஓரம்தான் கிடைக்காது. பள்ளி, கல்லூரி மைதானங்களை மழைக்காலத்துக்கு முன்பே நடந்து பார்த்து, மின்கம்பி எந்தப் பக்கம் போகிறது, கோல்போஸ்ட் கழற்ற வருமா, லாரி உள்ளே வருமா என்று குறித்து வையுங்கள்.

கிழக்கிலிருந்து வரும் ஹெலிகாப்டர் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத்தான் இயல்பாக நுழையும். முப்பந்தலில் காற்றாலைகள் அடர்ந்து நிற்கின்றன, மேகம் தாழ்ந்தால் இறக்கை நுனிகள் தெரியாது. மே முதல் செப்டம்பர் வரை காற்றும் அங்கே கடுமை. தவிர்க்க வேண்டிய இடமாகக் கோரிக்கையிலேயே ஒரு வரி எழுதுங்கள். கூடங்குளம் அணுமின் நிலையமும் பக்கத்தில்தான்.

இறங்கும் இடத்தின் ஆயத்தொலைவு (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) கொடுப்பதில் ஒரு பொறி உண்டு. கைபேசி வரைபடம் நாகர்கோவிலை 8.18 பாகை என்று காட்டும். விமானிகள் பயன்படுத்துவது பாகை, கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு). 8.18 என்பது 8 பாகை 10.8 கலை. அதை 8 பாகை 18 கலை என்று படித்துவிட்டால் 7.2 கலை பிசகு. ஒரு கலை 1.85 கி.மீ., ஆக 13 கி.மீ. வடக்கே, மலையடிவாரத்தில் போய் ஹெலிகாப்டர் மைதானத்தைத் தேடும். எந்த முறையில் எழுதுகிறீர்கள் என்று எழுத்தால் சொல்லுங்கள், கூடவே "வடசேரி அண்ணா விளையாட்டரங்கம்" என்பது மாதிரி அடையாளமும் கொடுங்கள்.

இறங்குவதற்கு முன் மைதானத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டும். தார்ப்பாய், தகரம், பிளக்ஸ் பேனர், காயவைத்த மீன்வலை எல்லாம் அகற்றப்பட வேண்டும். சுழலிக் காற்றில் ஒரு பேனர் எழும்பி மேலே போனால் போதும். காற்றின் திசை தெரியும்படி ஒரு கம்பத்தில் துணி கட்டுங்கள். ஆட்களை 100 மீட்டருக்கு அப்பால் கயிறு கட்டி நிறுத்துங்கள், போலீஸ் இல்லாமல் இது நடக்காது. யாரும் வால்பக்கம் போகக் கூடாது, விமானி பார்க்கும்படி முன்பக்கத்திலிருந்து, குழுவினர் கைகாட்டிய பிறகே நெருங்க வேண்டும். கயிற்றில் தொங்கவிட்டு வரும் சுமையைக் கையால் பிடிக்கப் போகாதீர்கள். காற்றில் உரசி மின்னேற்றம் சேர்ந்திருக்கும், தரையைத் தொடவிட்ட பிறகுதான் கை வைக்க வேண்டும்.

டிசம்பரில் மாலை 6 மணியளவிலேயே சூரியன் மறையும். விளக்கில்லாத மைதானத்தில் இருட்டியபின் இறங்குவார்கள் என்று எண்ணித் திட்டம் போடாதீர்கள். கடைசி நடை 5 மணிக்குள் இறங்கிக் கிளம்பும்படி வையுங்கள்.

பதிவேடு

ஒவ்வொரு நடைக்கும் ஒரு வரி: தேதி, விமான எண், எங்கிருந்து, இறங்கிய மணி, கிளம்பிய மணி, இறக்கிய எடை, ஆள், யார் கையெழுத்திட்டுப் பெற்றார், எந்த லாரியில் போனது. பறந்த நேரத்துக்கான கட்டணக் கணக்கு பின்னால் மாநிலத்துக்கு வரும். 2024 டிசம்பரில் கேரளத்திடம் முந்தைய பேரிடர்களின் விமான உதவிக்காக 132 கோடி ரூபாய்க்கு மேல் கேட்கப்பட்டது. பல ஆண்டு கழித்து வரும் அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது மாவட்டத்தில் அன்று பணியில் இருந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். வராத நடையையும், வந்து இறங்காமல் திரும்பிய நடையையும் காரணத்தோடு எழுதி வையுங்கள்.